பம்புக்கு முழங்கால் வலி

அந்த மருத்துவமனைக்கு ஏழு மாடி. எட்டாவதாக ஒன்று தரைக்குக் கீழே உண்டு. லிப்ட் அங்கே போகாது. படியில் இறங்கி, கால் உடைந்த கட்டில்கள் அடுக்கிய நடையைத் தாண்டி, தலையைக் குனிந்து ஓர் இரும்புக் கதவைத் தள்ளினால் இரண்டு பம்பும் ஒரு மனிதரும் இருப்பார்கள். பம்புகளுக்கு ஒன்று, இரண்டு என்று நம்பர் உண்டு. மனிதருக்கு அதுவும் கிடையாது. பம்ப்காரர் என்றால் போதும், திரும்பிப் பார்ப்பார்.

ஊரை விட்டு வந்து பதினோரு வருடம். வேலை என்னவென்று கேட்டால் ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். ஒன்றாம் நம்பர் பம்ப் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓடி மொட்டை மாடித் தொட்டியை நிரப்பும். அது மக்கர் பண்ணினால் இரண்டாம் நம்பரை ஓட்ட வேண்டும். மணிக்கொரு தரம் பம்பின் பேரிங் எத்தனை டிகிரி சூடு என்று பார்த்து நோட்டில் எழுத வேண்டும். பேரிங் என்பது சுழல்கிற தண்டைத் தாங்கிப் பிடிக்கும் வளையம். உள்ளே இரும்புக் குண்டுகள் உருளும். அது சூடேறினால் பம்புக்குக் காய்ச்சல் என்று அர்த்தம்.

காய்ச்சல் பார்க்க ஒரு வெப்பமானியும் கொடுத்திருந்தார்கள். இரண்டாம் வருடம் அதன் முள் 62-இல் சிக்கிக்கொண்டது. பம்ப் ஓடினாலும் 62, நின்றாலும் 62, தண்ணீர் ஊற்றினாலும் 62. புதியது கேட்டு எழுதிப் போட்டார். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது: 'தாங்கள் அனுப்பிய நோட்டுப் பிரதிகளின்படி வெப்பமானி நாள்தோறும் 62 காட்டுகிறது. காட்டுவதால் அது வேலை செய்கிறது. வேலை செய்யும் பொருளை மாற்ற விதியில் இடமில்லை.'

பம்ப்காரர் அதை நான்கு முறை படித்தார். எங்கேயோ தப்பு இருக்கிறது என்று தெரிந்தது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை. சரி என்று 62 எழுத ஆரம்பித்தார்.

முதல் மாதம் மணிக்கொரு தரம் எழுந்து போய், சிக்கிய முள்ளை உற்றுப் பார்த்துவிட்டு வந்து எழுதினார். மனசாட்சி உள்ளவர். இரண்டாம் மாதம் காலையில் மட்டும் பார்த்தார். மூன்றாம் மாதத்திலிருந்து காலை டீ ஆறுவதற்குள் அன்றைய கட்டங்கள் எல்லாம் நிரம்பிவிடும். எல்லாம் 62 என்றால் பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரும் என்று நடுவே ஒரு 61 போடுவார். வெள்ளிக்கிழமைகளில் மனைவி ஊரிலிருந்து போன் செய்வாள். அன்று மனசு கொஞ்சம் தாராளமாக இருக்கும், 63 போடுவார்.

இதை வைத்து ஆளைத் தப்பாக நினைத்துவிடக் கூடாது. பம்பை அவர் பார்க்காமல் இல்லை. புறங்கையை பேரிங் மேல் வைத்துப் பார்ப்பார். ஸ்க்ரூடிரைவரின் நுனியை அதன்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். ஆனால் கைக்கும் காதுக்கும் தெரிந்ததை எழுத நோட்டில் கட்டம் கிடையாது.

'குறிப்பு' என்று மட்டும் ஒரு கட்டம் இருந்தது. அதில் 'எல்லாம் நார்மல்' என்று எழுத வேண்டும். எழுதினார். எழுதிய பிறகும் இடம் மிச்சம் இருந்தது. பேச ஆள் இல்லாத மனிதருக்கு முன்னால் காலி இடத்தை விட்டு வைத்தால் என்ன ஆகும்? 'எல்லாம் நார்மல். மழை. முழங்கால் வலி. தைலம் தேய்த்தேன். பரவாயில்லை.' 'எல்லாம் நார்மல். பெரியவளுக்கு இன்று பரீட்சை.' 'எல்லாம் நார்மல். லீவு கேட்டேன். கிடைக்கவில்லை. பரவாயில்லை.' இப்படி இருபத்திரண்டு நோட்டு. உள்ளுக்குள் தன்னை ஓர் எழுத்தாளர் என்றே அவர் நினைத்திருந்தார். ஒரு வாசகர் கூடக் கிடையாது. அதனால் ஒரு குறையும் யாரும் சொன்னதில்லை.

பதினோராம் வருடம் வாசகர்கள் வந்தார்கள்.

முதலில் மேனேஜர் மேடம் வந்தார், மூக்கில் கைக்குட்டையோடு. பின்னால் லேப்டாப்காரர், லேப்டாப்போடு. இருபத்திரண்டு நோட்டையும் மேசைமேல் அடுக்கிப் புரட்டினார்கள்.

"அண்ணே, இத்தனையும் நீங்க எழுதினதா?" என்றார் லேப்டாப்காரர்.

"ஆமாங்க சார்."

"ஒரு மணி நேரம் கூட விட்டுப் போகலையே!"

"விடலைங்க," என்றார் பம்ப்காரர். அது மட்டும் உண்மை.

"இதாண்ணே எங்களுக்கு வேணும். இது முழுக்க லாங்குவேஜ் மாடலுக்குள்ள போகும், அதாவது எழுத்தைப் படிச்சே பேசக் கத்துக்கிற கம்ப்யூட்டருக்குள்ள. உங்க எழுத்தைப் படிச்சுப் படிச்சு உள்ள இன்னொரு பம்ப் பிறக்கும். டிஜிட்டல் இரட்டை. கீழ இருக்கிற பம்புக்கு என்ன ஆகுதோ, மேல இருக்கிறது வாயைத் திறந்து சொல்லும்."

"அப்போ பம்புல சென்சார் ஏதாவது மாட்டுவீங்களா சார்?"

"சென்சாரா? அதெல்லாம் பேசத் தெரியாத காலத்துக்கு. இது மொழிண்ணே. மொழிக்கு இரும்பு எதுக்கு?"

"கீழ இருக்கிற பம்பை அது பார்க்குமா சார்?"

"பார்க்காது. அதான் இதோட அழகே."

மேடம் கைக்குட்டையை எடுக்காமலே சொன்னார்: "இனிமே நீங்க உங்க இஷ்டத்துக்குப் பம்பை நிறுத்தவோ மாத்தவோ கூடாது. இரட்டை சொன்னாத்தான். ஸ்விட்ச் பெட்டி சாவியைக் கொடுங்க."

சாவி போயிற்று. பதிலுக்கு ஒரு டேப்லெட் வந்தது. இனி நோட்டு கிடையாது, அதில்தான் எழுத வேண்டும். நோட்டுகள் படியேறிப் போவதைப் பம்ப்காரர் பார்த்துக்கொண்டே நின்றார். தன் எழுத்தை ஒருவர் எடுத்துப் போகிற சந்தோஷம் ஒரு பக்கம். அதில் இருப்பதைப் படித்துவிடுவார்களே என்கிற பயம் மறுபக்கம். இரண்டில் சந்தோஷம்தான் கூடுதலாக இருந்தது என்பதை இங்கே வெட்கத்தோடு சொல்லத்தான் வேண்டும்.

திறப்பு விழா ஏழாம் மாடியில். பம்ப்காரருக்கும் அழைப்பு இருந்தது. அதற்கு முன் அவர் ஏழாம் மாடிக்குப் போனது இரண்டே தடவை, இரண்டும் குழாய் ஒழுகியபோது. அந்தப் பழக்கத்தில் கையில் ஸ்பானரோடு போய்விட்டார். வாசலில் காவலாளி அதை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுத்தார்.

சுவர் அளவுக்கு ஒரு திரை. அதில் பளபளவென்று ஒரு பம்ப் படம். டைரக்டர் மைக்கைப் பிடித்தார்.

"நண்பர்களே, ஒரு பம்பைத் தெரிஞ்சுக்கணும்னா முன்னெல்லாம் அது கிட்ட போகணும். நான் இந்தப் பதவிக்கு வந்து ஒன்பது வருஷமாச்சு. ஒரு தடவை கூட போனதில்லை. அதுக்காக நான் வருத்தப்பட்ட நாள் உண்டு. இன்னியிலிருந்து அந்த வருத்தம் இல்லை. போகாம இருந்ததுதான் சரின்னு விஞ்ஞானம் நிரூபிச்சிருக்கு!"

கைதட்டல் அடங்க நேரம் ஆயிற்று. டைரக்டர் திரையின் பக்கம் திரும்பி, நோயாளியிடம் பேசுவது போலக் குனிந்து கேட்டார்: "எப்படி இருக்கீங்க?"

திரை கரகரத்த குரலில் சொன்னது: "எல்லாம் நார்மல். அறுபத்திரண்டு டிகிரி. மழை. முழங்கால் வலி. தைலம் தேய்த்தேன். பரவாயில்லை."

கடைசி வரிசையில் பம்ப்காரருடைய கை தானாகப் போய் முழங்காலை மூடிக்கொண்டது.

லேப்டாப்காரர்தான் முதலில் சுதாரித்தார். "கவனிச்சீங்களா? வெறும் நம்பர் சொல்லலை. இது உணருது!"

மறுபடி கைதட்டல். டைரக்டர் மேடத்தின் காதருகே குனிந்தார். மைக்கை அணைக்க மறந்துவிட்டார்.

"பம்புல முழங்கால்னா எது?"

"சார், அது... உங்களுக்குத் தெரியாததா."

"எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமான்னு பார்த்தேன். ஒரு கமிட்டி போடுங்க."

கமிட்டி கூடுவதற்குள் பத்து நாள் ஓடிவிட்டது. அந்தப் பத்து நாளில்தான் ஒன்றாம் நம்பர் பம்ப் நிஜமாகவே நோயில் விழுந்தது.

முதலில் ஒரு சின்ன முனகல். ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்தால் யாரோ கூழாங்கல்லை மெல்வது போலக் கேட்டது. புறங்கையை வைத்து மூன்று எண்ணுவதற்குள் எடுக்க வேண்டியிருந்தது. பேரிங் போகிறது. இன்னும் இரண்டு வாரம் தாங்கும், மூன்று வாரம் தாங்கினால் பெரிய விஷயம். தண்டு இறுகி நின்றால் மோட்டாரும் கருகும். முன்பென்றால் சத்தம் போடாமல் இரண்டாம் நம்பரை ஓட்டிவிட்டு ஒன்றைப் பிரித்திருப்பார். இப்போது சாவி ஏழாம் மாடியில்.

டேப்லெட்டில் தட்டினார்: 'ஒன்றாம் பம்பில் பேரிங் சத்தம். நிறுத்திப் பிரிக்க வேண்டும்.'

இரட்டையின் பதில் உடனே வந்தது: 'எல்லாம் நார்மல். 62.'

'கை வைக்க முடியவில்லை. சூடு.'

'எல்லாம் நார்மல். 62. பரவாயில்லை.'

பதினோரு வருடமாக மேலிடத்துக்கு அவர் சொன்ன அதே பதில். அதைக் கேட்கிற இடத்தில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை.

மறுநாள் அஞ்சாம் மாடி நர்ஸிடமிருந்து இன்டர்காம் வந்தது. இந்தக் கட்டடத்தில் பம்ப்காரரை மனிதராக நினைத்துக் கூப்பிடுகிற ஒரே ஆள் அவர்தான்.

"அண்ணே, நேத்து சாயங்காலம் குழாய்ல பாதி காத்துதான் வந்துச்சு. தொட்டி நிரம்பலையா?"

பம்ப் நடுநடுவே திணறி நின்று ஓடியதில் தொட்டி முக்கால்தான் நிரம்பியிருந்தது.

"இங்க பன்னிரண்டு பேரு மெஷின்ல படுத்திருக்காங்கண்ணே. ரத்தம் சுத்தம் பண்ற மெஷின். தண்ணி நின்னா அதுவும் நின்னுடும். கீழ ஒன்னும் பிரச்சனை இல்லையே?"

"எல்லாம் நார்மல்மா," என்றார் பம்ப்காரர்.

வைத்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அந்த வாய்க்குப் பழக்கம் அப்படி. மேலே இருக்கிற இரட்டையைக் குறை சொல்லி என்ன, இங்கேயே ஒன்று ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

அன்று மதியம் முழங்கால் கமிட்டி இறங்கி வந்தது. டைரக்டர், மேடம், லேப்டாப்காரர். டைரக்டர் தலைக்கவசம், கையுறை எல்லாம் போட்டிருந்தார். பம்பைச் சுற்றி ஒரு வலம் வந்தார். அது போட்ட சத்தத்தில் யார் பேசியதும் யாருக்கும் கேட்கவில்லை.

"நல்லா பலமா ஓடுதே!" என்று கத்தினார் டைரக்டர். "சரி, முழங்கால் எங்கே?"

எல்லாரும் பம்ப்காரரைப் பார்த்தார்கள். 'அது என்னோடது சார்' என்று சொல்ல வேண்டிய இடம் அது. சொல்லவில்லை. ஆனால் ஒரு யோசனை பளிச்சிட்டது. பேரிங்கைக் காட்டினார்.

"இதான் சார் முழங்கால். ரொம்ப வலியில இருக்கு. பிரிச்சுப் பார்த்துடலாம்."

"பாருங்க, அனுபவம்னா இதுதான்," என்றார் டைரக்டர். பேரிங் மேல் 'முழங்கால்' என்று ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டப்பட்டது. படம் எடுத்துக்கொண்டார்கள். பம்ப்காரர் ஸ்பானரைக் கையில் எடுத்தார்.

"ஒரு நிமிஷம்ணே," என்றார் மேடம். "இரட்டையைக் கேக்கணும்ல." டேப்லெட்டில் கேட்டார்: 'முழங்கால் வலிக்கு என்ன செய்ய வேண்டும்?'

'தைலம் தேய்த்தேன். பரவாயில்லை.'

"தெளிவா சொல்லிடுச்சு," என்றார் மேடம். "பிரிக்க வேண்டாம். தைலம்."

மறுநாள் ஒரு பெட்டி தைலம் இறங்கியது. கூடவே உத்தரவு: காலை, மாலை இரு வேளை, உணவுக்குப் பின், ஒன்றாம் எண் பம்பின் முழங்காலில் தேய்க்கவும்.

பம்ப்காரர் போன் போட்டுக் கேட்டார். "மேடம், உணவுக்குப் பின்னா யாரோட உணவு?"

"அது தெளிவா போடலை. ரெண்டு பேரும் சாப்பிட்ட பிறகுன்னு வெச்சுக்கோங்க."

தேய்த்தார். உத்தரவு என்றால் உத்தரவு. கையில் ஒட்டிய மிச்சத்தை வீணாக்குவானேன் என்று தன் முழங்காலிலும் தடவிக்கொண்டார். நான்கு நாளில் அவருடைய வலி நன்றாகவே குறைந்தது. பதினோரு வருடத்தில் நிர்வாகம் அவருக்குப் பார்த்த ஒரே வைத்தியம். பம்பின் சத்தம்தான் நாளுக்கு நாள் கூடியது. சூட்டில் தைலம் புகைந்து அறை முழுக்க ஜலதோஷம் பிடித்த வீடு மாதிரி மணந்தது.

ஆறாம் நாள் நர்ஸே இறங்கி வந்துவிட்டார். கதவருகே நின்று சத்தத்தைக் கேட்டார். புகையைப் பார்த்தார். மஞ்சள் ஸ்டிக்கரைப் படித்தார்.

"நார்மல்னு சொன்னீங்களேண்ணே."

பம்ப்காரர் தரையைப் பார்த்தார். "தப்பா சொல்லிட்டேம்மா. இது இன்னும் ஒரு வாரம் ஓடினாலே அதிசயம்."

"அப்போ மேல போய்ச் சொல்லுங்க."

"சொன்னா நோட்டுல எழுதினதெல்லாம் பொய்னு சொல்லணும். வேலை போயிடும்மா."

நர்ஸ் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "காலையில மெஷினை மாட்டும்போது எங்க பெரியம்மா ஒருத்தங்க தினமும் கேப்பாங்க, 'தண்ணி இருக்குல்ல பாப்பா?'ன்னு. நான் இருக்குன்னு சொல்றது உங்களை நம்பித்தாண்ணே," என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியேறினார்.

பம்ப்காரர் சட்டையை மாற்றிக்கொண்டு ஏழாம் மாடிக்குப் போனார். இந்த முறை ஸ்பானரை எடுத்துப் போகவில்லை.

டைரக்டர் அறையில் மூவரும் இருந்தார்கள். அடுத்த மாதம் ஏதோ விருதுக் குழு இரட்டையைப் பார்வையிட வருகிறதாம். மேசை முழுக்கப் படங்கள்.

"சார், அந்த நோட்டெல்லாம் பொய் சார்."

"எந்த நோட்டு?"

"இருபத்திரண்டும் சார். அறுபத்திரண்டுங்கிறது முள்ளு சிக்கிக்கிட்ட இடம். அறுபத்தொன்னு சும்மா போட்டது. முழங்கால் என்னோடது."

லேப்டாப்காரர் நாற்காலியை விட்டு எழுந்தார். "வெள்ளிக்கிழமை அறுபத்திமூணு வருதே? அந்த வாராந்திர வெப்பச் சுழற்சி?"

"அன்னிக்கு எங்க வீட்டுல போன் பண்ணுவாங்க சார்."

"நாலு கட்டுரை எழுதியிருக்கேண்ணே அதை வெச்சு!" என்றார் லேப்டாப்காரர். குரல் உடைந்தே போயிற்று.

டைரக்டர் மட்டும் கலங்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க நோட்டுல பொய் எழுதினீங்கன்னா இரட்டை சொல்றது பொய். சரியா?"

"சரிங்க சார்."

"இரட்டை சொல்றது பொய்னா அதைப் பார்த்து நான் போட்ட கையெழுத்து பொய்."

"அது... ஆமாங்க சார்."

"நான் பொய்க் கையெழுத்துப் போடுற ஆளா?"

"ஐயோ, இல்லீங்க சார்!"

"அப்போ?"

பம்ப்காரர் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "அப்போ நான் பொய் எழுதலீங்களா சார்?"

"அவ்வளவுதான். உங்களுக்கே தெரியாம உண்மையை எழுதியிருக்கீங்க. தன்னடக்கம் நல்ல குணம், அளவோட இருக்கணும். மேடம், எதுக்கும் இரட்டைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க."

மேடம் கேட்டார்: 'ஆபரேட்டர் பொய் எழுதினாரா?'

'எல்லாம் நார்மல்,' என்றது இரட்டை.

குற்றம் செய்த மனிதரை இப்படி ஒருமனதாக விடுதலை செய்து கீழே அனுப்பினார்கள். படியில் இறங்கும்போது அவருக்கு முதல் தடவையாக ஓர் அவமானம் வந்தது. பொய் சொல்லி மாட்டிக்கொண்டவர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறார். உண்மையைச் சொல்லி நம்பவைக்க முடியாமல் திரும்பியவர் தான் ஒருவர்தான் போலிருக்கிறது. ஒன்பது வருடம் அவ்வளவு கச்சிதமாகப் பொய் எழுதியிருக்கக் கூடாது.

பம்ப் அறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டார். கோபம் தாங்கவில்லை. திட்டுவதற்கு வேறு யாரும் இல்லை.

'உனக்கு என்னதான் வேணும்?' என்று தட்டினார்.

மூன்று புள்ளிகள் துள்ளின. பிறகு வந்தது: 'லீவு கேட்டேன். கிடைக்கவில்லை. மூன்று வருடம் ஆயிற்று. ஊருக்குப் போக வேண்டும். பரவாயில்லை.'

பம்ப்காரர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அது எப்போது எழுதியது என்று கூட அவருக்கு ஞாபகம் இருந்தது. அந்த நோட்டில் டீ சிந்தியிருந்தது.

அந்த வரிக்குக் கீழே ஒரு பச்சைப் பட்டன் மினுங்கியது: 'இயந்திரத்தின் கோரிக்கை. மேலிடத்துக்கு அனுப்பு.' யோசிக்காமல் அழுத்தினார்.

அவர் லீவு கேட்டு எழுதிய மூன்று மனுக்களுக்கும் சேர்த்துப் பதில் வர ஏழு மாதம் ஆனது. இதற்குப் பத்து நிமிடம்.

'ஒன்றாம் எண் பம்பின் டிஜிட்டல் இரட்டைக்கு, சொந்த ஊர் சென்று வரும் பொருட்டு, பதினைந்து நாள் விடுப்பு வழங்கப்படுகிறது. இரட்டை விடுப்பில் இருக்கையில் அசல் பம்ப் ஓடினால் இரண்டுக்கும் இடையே முரண்பாடு ஏற்படுமாதலால், அசலும் ஓடலாகாது. அக்காலத்தில் இரண்டாம் எண் பம்ப் கூடுதல் பொறுப்பு வகிக்கும்.'

மேடம் சாவியைக் கொடுத்தனுப்பிவிட்டுப் போனிலும் வந்தார். "டைரக்டருக்கு ரொம்பச் சந்தோஷம்ணே. இயந்திரத்துக்கு லீவு கொடுக்கிற முதல் இடம் நம்மதான். விருதுக் குழு வர்ற நேரத்துல அது மனசு கோணக் கூடாது பாருங்க. ரெண்டாம் நம்பருக்கு ஒரு வாழ்த்துச் சொல்லிடுங்க, முறைன்னு ஒன்னு இருக்குல்ல."

"சொல்லிட்டேன் மேடம்."

"என்ன சொல்லுச்சு?"

"ஓட ஆரம்பிச்சிருச்சு மேடம். கையோட எனக்கும் ஒரு பதினஞ்சு நாள்..."

"நீங்க போயிட்டா எப்படிண்ணே? பம்ப் லீவு முடிஞ்சு வரும்போது யாராவது இருக்க வேண்டாமா?"

அன்றைக்கே ஒன்றாம் நம்பரைப் பிரித்தார். பேரிங்கைக் கழற்றியபோது கையோடு துண்டு துண்டாக வந்தது. குண்டுகளில் பாதி சப்பையாகிவிட்டிருந்தன. தண்டு சூட்டில் நீலம் பாரித்திருந்தது. இன்னும் நான்கு நாள் ஓடியிருக்காது. அலமாரியில் எண்ணெய்த் தாள் சுற்றி ஆறு வருடமாகக் கிடந்த புது பேரிங்கை எடுத்தார். தண்டைத் தேய்த்துச் சீராக்கி, புதியதைச் சூடாக்கி ஏற்றி, கிரீஸ் அடைத்து மூடினார். அந்தப் பதினைந்து நாளும் அஞ்சாம் மாடியில் ஒரு சொட்டுக் கூடக் குறையவில்லை. கூடுதல் பொறுப்பு வகித்தவர் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஓடினார்.

நர்ஸ் ஒருநாள் கீழே வந்து ஒரு வெப்பமானியை நீட்டினார். "கருவியெல்லாம் கொதிக்க வைக்கிற ரூம்ல ஒன்னு சும்மா கிடந்துச்சுண்ணே. நூத்திருபது வரைக்கும் காட்டும்."

"முள்ளு நகருதாம்மா?"

"நகருது. பார்த்துட்டுத்தான் கொண்டு வந்தேன்."

பதினாறாம் நாள் காலை இரட்டை வேலைக்குத் திரும்பியது. அசலும் ஓடத் தொடங்கியது. சத்தமே இல்லை, நீரோட்டத்தின் சலசலப்பு மட்டும். ஒரு மணி நேரம் கழித்துப் பம்ப்காரர் எழுந்து போய் வெப்பமானியைப் பார்த்தார். 47. தட்டிப் பார்த்தார். 47. புறங்கையை வைத்தார், கையும் ஒத்துக்கொண்டது. ஒன்பது வருடத்துக்குப் பிறகு முதன்முதலாகப் பார்த்து ஓர் எண்ணை டேப்லெட்டில் எழுதினார்.

டேப்லெட் சிவந்து அலறியது. பத்தே நிமிடத்தில் குற்றப் பத்திரிகை வந்தது. 'ஒன்பது ஆண்டுகளாக 62 என்று நேர்மையாகப் பதிந்து வந்த தாங்கள், இன்று 47 என்று பொய்யாகப் பதிந்துள்ளீர்கள். இது இரட்டையின் மனநிலையைப் பாதிக்கும் செயல். தங்களை ஏன் பணிநீக்கம் செய்யக் கூடாது என்பதற்கு இன்று மாலைக்குள் விளக்கம் தரவும்.' சிரமம் வேண்டாமென்று அடியில் இரட்டையே ஒரு விளக்கத்தையும் தயாரித்துக் கொடுத்திருந்தது: 'வருந்துகிறேன். இனி 62 என்றே எழுதுவேன். பரவாயில்லை.' ஒரு பட்டனை அழுத்தினால் போதும்.

நடை நன்றாகத்தான் இருந்தது. அவருடைய நடையேதான். ஒரு எழுத்தாளராக அதில் திருத்த எதுவும் இல்லை.

அதை அழித்துவிட்டுத் தட்டினார்: '47 உண்மை. வந்து தொட்டுப் பார்க்கவும். முன்பு எழுதியது எல்லாம் பொய். முழங்கால் என்னுடையது, இப்போது வலி இல்லை.' அனுப்பினார். வேலை போனால் ஊருக்குத்தான் போக வேண்டும். மூன்று வருடமாகக் கேட்ட லீவு அந்த வழியிலாவது கிடைக்கட்டும்.

டேப்லெட்டை வைக்கப் போனவர், சும்மா ஒரு ஆசையில் கேட்டார்: 'ஊருக்குப் போயிட்டு வந்தியே. வீட்டுல எல்லாரும் எப்படி இருக்காங்க?'

'எல்லாம் நார்மல்,' என்றது இரட்டை.

சிரிப்புத்தான் வந்தது முதலில். பிறகு சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அந்த இரண்டு வார்த்தைக்கு என்ன மதிப்பு என்று உலகத்தில் அவரைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை.

அன்று வெள்ளிக்கிழமை. மனைவியின் போனுக்காகக் காத்திருக்கவில்லை, அவரே போட்டார்.

"என்னங்க, இந்த நேரத்துல? அங்க ஏதாவது பிரச்சனையா?"

"இல்லை... ஆமா, இருக்கு. நான் அப்புறம் சொல்றேன். அங்க எப்படி?"

"இங்க என்ன, எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

பதினோரு வருடமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கேட்ட பதில். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதை நம்பித்தான் ஒரு டிகிரி கூட்டிப் போட்டார்.

"இந்தா பாரு. அந்த வார்த்தையை நோட்டு நோட்டா எழுதினவன் நான். என்கிட்டயே சொல்லாதே. உள்ளதைச் சொல்லு."

அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"வேலை நேரமாச்சேங்க. சொன்னா ரொம்ப நேரம் ஆகும்."

பம்ப்காரர் வாளியைக் காலால் இழுத்துக் கவிழ்த்து உட்கார்ந்தார். "ஆகட்டும்."

"எங்கேருந்து ஆரம்பிக்கிறது?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டார், ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியை அழுத்திக்கொள்வது போல.

"சத்தம் வர்ற இடத்திலேருந்து."